செங்காந்தள் கிழங்கு இரண்டு மாதமாக முளைக்கவில்லை. சென்னை மாடிக்கு வேறு நாட்டு லில்லி என்ன உண்டு?

மேடவாக்கம்மாடி:

வணக்கம். ஆன்லைனில் வாங்கிய செங்காந்தள் கிழங்கு நான்கை மாடியில் நட்டிருக்கிறேன். சித்திரை பிறந்த வாரம் நட்டது. இன்று ஜூன் 24, ஒன்றிலும் முளை இல்லை.

விவரம்: 8 இன்ச் பிளாஸ்டிக் தொட்டி, தொட்டிக்கு ஒரு கிழங்கு. கலவை பாதி தேங்காய் நார்த்தூள், பாதி மண்புழு உரம். கிழங்கை நட்டுக்குத்தாக வைத்து மேலே இரண்டு விரல் மண் போட்டேன். தினமும் காலையில் ஒரு சொம்பு போர் தண்ணீர். நாள் முழுக்க வெயில் விழும் இடம்.

1) தோண்டிப் பார்க்கலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா?
2) கிழங்கிலிருந்து வரும் நம் நாட்டு லில்லி வேறு எவை சென்னைக்குத் தாங்கும்? நர்சரியில் கேட்டால் ஸ்பைடர் லில்லியையும் ரெயின் லில்லியையும் "நாட்டு ரகம்" என்று எடுத்துத் தருகிறார்கள். டப்பாவில் வரும் ஏசியாட்டிக் லில்லி வேண்டாம்.

கிழங்குப்பிரியன்:

தோண்டுங்கள். ஆனால் கரண்டி, கொத்து எதுவும் வேண்டாம். தொட்டியைச் சாய்த்து, மண்ணை மொத்தமாக ஒரு சாக்கில் கொட்டி, கையால் உதிர்த்து எடுங்கள். செங்காந்தள் கிழங்குக்கு உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. கலப்பை போல வளைந்த கிழங்கின் ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே ஒரு முளை. அந்த நுனி சுண்ணாம்புக்கட்டி மாதிரி பட்டென்று ஒடியும். ஒடிந்தால் மீதிக் கிழங்கு கல் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் முளைக்காது. கூரியரில் வரும் கிழங்கில் பாதிப் பிரச்சினை இதுதான், எனவே வாங்கியதும் முதலில் நுனியைப் பார்க்க வேண்டும்.

உங்கள் தவறு எதுவென்றால் காலம். மார்கழி, தை வாக்கில் கொடி காய்ந்ததிலிருந்து ஆனி வரைக்கும் இந்தக் கிழங்கு தூங்கும். சித்திரையில் அதற்கு வேரும் இல்லை, இலையும் இல்லை, ஊற்றிய தண்ணீரைக் குடிக்க வாயே இல்லை. நார்த்தூள் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே அக்னி நட்சத்திர வெயிலில் பிளாஸ்டிக் தொட்டி கொதிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் கிழங்கழுகல் பூஞ்சைக்கு விருந்துதான்.

வெளியே எடுத்ததும் பார்க்க வேண்டியது: அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, நுனி முழுசாக இருக்கிறதா, புளித்த வாடை அடிக்கிறதா. நுனிக்குக் கொஞ்சம் தள்ளித் தோலை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பால் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் போய்விட்டது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஏன் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள்.

மேடவாக்கம்மாடி:

கொட்டிப் பார்த்தேன். ஒன்று கூழாகிவிட்டது, வாடை. ஒன்று கெட்டி, ஆனால் ஒரு கை நுனியில் மழுங்கலாக ஒடிந்திருக்கிறது, இன்னொரு கை முழுசு. மூன்றாவது கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அழுத்தினால் அமுங்கவில்லை. நான்காவதன் நுனி வெளிர் ரோஸ் நிறத்தில், அரிசி அளவுக்குப் புடைத்திருக்கிறது. மூன்றையும் காப்பாற்றலாமா?

கிழங்குப்பிரியன்:

காப்பாற்றலாம். ரோஸ் நிறப் புடைப்பு என்றால் கிழங்கு விழித்துவிட்டது. சுருக்கம் ஒரு பொருட்டில்லை, கெட்டியாக இருந்தால் போதும். ஒற்றைக் கை ஒடிந்ததை அப்படியே நடுங்கள், நல்ல கை முளைக்கும். வளைவில் இரண்டாக வெட்டிப் பிரிக்கலாமே என்று தோன்றும், இந்த வருஷம் வேண்டாம். வெட்டுவாய் அழுகலுக்கு இன்னொரு வாசல். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சாம்பல் தடவி இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு நட வேண்டும்.

கூழானதைத் தூக்கிப் போடுங்கள், அந்த மண்ணையும் சேர்த்து. மற்ற மூன்றையும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் (பூஞ்சைக்கொல்லி) கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். மருந்து வேண்டாம் என்பவர்கள் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) 10 கிராம் ஒரு லிட்டருக்குக் கரைத்து அதே அரை மணி நேரம். கார்பன்டாசிமில் நனைத்துவிட்டு உடனே டிரைகோடெர்மா போடுவது காசுக்குக் கேடு. அதுவும் பூஞ்சைதானே, மருந்து அதையும் கொல்லும்.

தொட்டி 8 இன்ச் போதாது. குறைந்தது 12 இன்ச் அகலம், அதே அளவோ அதற்கு மேலோ ஆழம். புதுக் கிழங்கு கீழ்நோக்கித்தான் இறங்கும். ஆழமில்லாத தொட்டியில் அது அடித்தட்டில் முட்டி, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே போய் உட்காரும். கலவை: செம்மண் இரண்டு பங்கு, கரகரப்பான மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மாடியில் பாரம் தாங்காது என்றால் நார்த்தூள் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. அதுவும் இரண்டு மூன்று தடவை அலசி உப்பு நீக்கியது.

கிழங்கைப் படுக்க வையுங்கள். நான்கு விரல் ஆழம், அதாவது 6 முதல் 8 செ.மீ. முளை நுனி தொட்டி விளிம்பில் முட்டாமல் நடுவைப் பார்த்து இருக்கட்டும். நட்டதும் ஒரு தடவை நன்றாக நனைத்துவிட்டு, முளை மண்ணைக் கிழித்து வரும்வரை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மேல் ஈரம் மட்டும். இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், எல்லாம் ஒரே நாளில் வராது. ஆடிப்பட்டத்துக்கு முளை கண்ணில் படும்.

திருவான்மியூர்மணல்:

கார்பன்டாசிம் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு மூன்று கிழங்குக்கு அது தேவையே இல்லை. வடிகால் சரியாக இருந்தால் பாதி நோய் வராது, வடிகால் சரியில்லை என்றால் மருந்தும் காப்பாற்றாது. அடியில் ஆறு ஓட்டை, அடியிலிருந்து ஒரு இன்ச் மேலே பக்கவாட்டில் நான்கு ஓட்டை, தொட்டிக்குக் கீழே செங்கல். தட்டு வைக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் தொட்டி ஓட்டை இருந்தும் வடியாது.

நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. போர் தண்ணீர் என்கிறீர்கள். உப்பாக இருந்தால் செங்காந்தள் அதை வேறு எந்தச் செடியையும் விட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கொடிக்குப் பற்றிக்கொள்ளத் தனிச் சுருள் கிடையாது, இலை நுனியே நீண்டு சுருண்டு பிடித்துக்கொள்ளும். உப்பு ஏறினால் முதலில் கருகுவது இலை நுனி. நுனி கருகியது என்றால் பிடி போயிற்று. கொடி தன் பாரத்திலேயே தொங்கி, அடுத்த காற்றில் கணுவில் முறியும். "காற்றில் உடைந்துவிட்டது" என்று வரும் புகார்களில் பல தண்ணீரில் ஆரம்பித்தவை.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு இல்லை. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். வேறு வழியே இல்லை, போர்தான் என்றால் பத்து நாளுக்கு ஒருமுறை தொட்டி முழுக்க நிறைய ஊற்றி அடியில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

மேடவாக்கம்மாடி:

பந்தலுக்கு மூங்கில் கழி நட்டால் போதுமா? உரம் எப்போது?

கிழங்குப்பிரியன்:

மூங்கில் கழி சட்டம் போடத்தான் ஆகும், ஏறுவதற்கு ஆகாது. பென்சில் கனத்துக்கு மேல் இருந்தால் இலை நுனியால் சுற்ற முடியாது. தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் போடுகிறவர்கள் கிளுவை, விராலி மாதிரியான குச்சிச் செடிகளின் மேல் ஏற்றுகிறார்கள், இல்லையென்றால் கம்பி கட்டுகிறார்கள். வீட்டில் நைலான் வலை, மெல்லிய கட்டுக்கம்பி, காய்ந்த மருதாணிக் கிளை எது வேண்டுமானாலும் சரி. ஐந்தாறு அடி உயரம் போதும். வலையை நடும் அன்றே கட்டிவிடுங்கள். முளை வந்த பிறகு குச்சி குத்தினால் அது கிழங்கில்தான் போய் இறங்கும்.

முளை ஒரு சாண் வந்ததும் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு ஸ்பூன் எலும்புத்தூள். பிறகு 15 நாளுக்கு ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) லிட்டருக்கு 3 கிராம். மொட்டு தெரிந்ததும் நிறுத்திவிட்டு சாம்பல் சத்து (பொட்டாஷ்) கொடுங்கள். யூரியா, பச்சைச் சாணக் கரைசல் எல்லாம் கொடுத்தால் கொடி மதமதவென்று ஏறும், பூ வராது, தண்டும் நீர்த்துப்போய் அழுகும்.

கிழங்கு 50 கிராமுக்கு மேல் இருந்தால் முளைத்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூக்கும். ஒரு விரல் கனமே உள்ள சின்னக் கிழங்கு இந்த வருஷம் வெறும் இலையோடு நிற்கும். அது தோல்வி இல்லை. ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு சக்கையாகி, தண்டின் அடியில் புதுக் கிழங்கு உருவாகும். இந்த வருஷ இலைதான் அடுத்த வருஷக் கிழங்கு. அதனால்தான் பூ முடிந்ததும் அசிங்கமாக இருக்கிறதென்று கொடியை அறுக்கக் கூடாது. மஞ்சளாகி, காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு தண்ணீரை அடியோடு நிறுத்தி, தொட்டியை நிழலில் சாய்த்து வைத்தால் போதும். எடுத்துப் பாதுகாப்பது என்றால் காய்ந்த மணலில் புதைத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது, ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது.

பூவைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், நாளாக ஆக நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுக்கக் குங்குமம். இதழ் ஆறும் மேலே மடிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் யாரோ ஒடித்து வைத்தது போலப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மகரந்தம் தானாக அதில் விழுவது அரிது. விதை வேண்டுமென்றால் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் மெல்லிய தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். விதை வேண்டாம் என்றால் வாடிய பூவைக் கிள்ளிவிடுங்கள், சத்து கிழங்குக்குப் போகும். விதையிலிருந்து பூ பார்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

அடையார்தோட்டம்:

இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சண்டை. செடிவகைக் கணக்கில் செங்காந்தள் லில்லிக் குடும்பமே இல்லை, அது கோல்சிகேசியே என்ற வேறு குடும்பம். அதே போல அகராதியைப் பார்த்து லில்லியை அல்லி என்று எழுதுகிறார்களே, அல்லி குளத்துச் செடி, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் பக்கத்து அசல் லில்லி என்றால் நீலகிரி லில்லிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில், நீண்ட வெள்ளை எக்காளம் போலப் பூக்கும். சென்னை வெயிலுக்கு அதைக் கொண்டுவர நினைப்பது பாவம், மலையிலிருந்து பிடுங்குவது அதைவிடப் பாவம்.

ஸ்பைடர் லில்லி, ரெயின் லில்லி, சிவப்பு அமரில்லிஸ் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். சம்பங்கி மெக்சிகோ. மே மாதம் பந்து மாதிரி பூக்கும் ஃபுட்பால் லில்லி ஆப்பிரிக்கா. நன்றாக வளரும், வைத்துக்கொள்ளுங்கள், நாட்டு ரகம் என்று மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

சென்னைக்கென்றே ஆன நம் செடி விஷமூங்கில். கிரைனம் ஏசியாட்டிகம் என்று கேளுங்கள். கடற்கரை மணலில் வளர்வது, உப்புக் காற்று, உப்புத் தண்ணீர் இரண்டையும் தாங்கும். உங்கள் போர் தண்ணீருக்கு இதுதான் மாப்பிள்ளை. நர்சரியில் ஸ்பைடர் லில்லியோடு குழம்பாமல் இருக்க ஒரே அடையாளம்: ஸ்பைடர் லில்லிப் பூவின் நடுவே மெல்லிய சவ்வுக் கிண்ணம் இருக்கும், மகரந்தக் காம்புகள் அதன் விளிம்பிலிருந்து கிளம்பும். விஷமூங்கிலில் கிண்ணமே இல்லை, காம்புகள் தனித்தனியாக, சிவந்த ஊதா நிறத்தில் நிற்கும். பூ இல்லாத சமயம் இலையைப் பாருங்கள், உள்ளங்கை அகலம், ஒரு மீட்டர் வரை நீளம்.

நடுவதும் செங்காந்தளுக்கு நேர்மாறு. இது தூங்காத செடி, கோடையிலும் தண்ணீர் வேண்டும். பல்பின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் கழுத்தில் நீர் நின்று அழுகும். தரையில் செடிக்குச் செடி மூன்றடி, தொட்டி என்றால் 18 இன்ச். பக்கக் கன்றைப் பிரித்து நடும்போது இலையைப் பாதியாக வெட்டிவிட்டு வேரைக் காப்பாற்றுங்கள். நட்ட முதல் வருஷம் பூக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும். இடம் பிடிக்கவில்லையோ என்று பிடுங்கி மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. காய்க்குள் கோலிக்குண்டு அளவில் சதைப்பற்றான விதை இருக்கும், பாதி வெளியே தெரிய ஈர மணலில் வைத்தால் முளைத்துவிடும். பூ மாலையில் விரிந்து இரவில் மணக்கும், அதனால் படுக்கையறை ஜன்னல் பக்கம் வைப்பது உத்தமம்.

இன்னொன்று, பங்கிராசியம் டிரைஃப்ளோரம். தென்னிந்தியச் சமவெளியில் புதர்க்காட்டு மண்ணில் மழைக்கு எழும்பும் சின்னச் செடி, பல்ப் சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இதன் பூவிலும் கிண்ணம் உண்டு, ஸ்பைடர் லில்லியின் குட்டித் தங்கை மாதிரி. வித்தியாசம், ஸ்பைடர் லில்லி வருஷம் முழுக்கப் பச்சை, இது மழை ஓய்ந்ததும் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். பல்பின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், மணல் பாதி கலந்த மண், கோடையில் தண்ணீர் கிடையாது. கிடைப்பதுதான் கஷ்டம். வளர்ப்பவர்களிடம் பக்கக் கன்று வாங்குங்கள், காலி மனையில் தோண்டப் போக வேண்டாம்.

நரிவெங்காயத்தையும் சிலர் சொல்வார்கள். அழகுக்கு என்றால் தேறாது, ஆர்வத்துக்கு வைக்கலாம்.

மூலிகைவாசல்:

கையுறை விஷயம். செங்காந்தளில் கோல்சிசின் என்ற நஞ்சு செடி முழுக்க உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று நாட்டு மருந்துக் கடைகளில் கேட்கும் பெயர்கள் இதன் பெயர்களே. பார்க்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலிருப்பதால் தவறுதலாக வேகவைத்துச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. வேகவைத்தால் நஞ்சு போகாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து, அடுத்த நாட்களில் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை வரை போகும். எனவே "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டில் உட்காரக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, மிச்சக் கிழங்கையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். கைவைத்தியம் வேண்டாம்.

எடுத்து வைக்கும் பெட்டியில் பெரிதாக "விஷம்" என்று எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். தொட்டி மண்ணைக் கீரைக்கு மறுபடி பயன்படுத்துவதானால் உடைந்த துண்டு ஒன்றுகூட இல்லாமல் சலித்துவிடுங்கள். விஷமூங்கிலும் பெயருக்கேற்றதுதான், பல்பைத் தின்றால் கடும் வாந்தி, சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும். நாய்க்குட்டி, தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டியைக் கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றுங்கள், நன்றாகக் கட்டி.

திருவான்மியூர்மணல்:

இருவரும் விட்டது புழு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, சிவப்புப் புள்ளி, லில்லிப் புழு என்பார்கள். செங்காந்தள், விஷமூங்கில், ஸ்பைடர் லில்லி எதையும் விடாது. அதனால் மூன்றையும் ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். இலைக்கு அடியில் கூட்டமாக முட்டை இருக்கும், அந்த இலை நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. பொரித்துப் பிரிந்துவிட்டால் இரண்டு ராத்திரியில் கொடி வெறும் நரம்பாகும். சின்னப் புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலத்தில். வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து வாரம் ஒருமுறை தெளிப்பது முட்டை இடாமல் தடுக்கும், பெரிய புழுவை ஒன்றும் செய்யாது. அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும், மேல் மண்ணைக் கிளறும்போது கண்ணில் பட்டால் நசுக்குங்கள்.

விஷமூங்கிலில் கழுத்துப் பக்கம் ஓட்டையும் ஈரமான எச்சமும் தெரிந்தால் புழு உள்ளே போய்விட்டது. நடு இலையை இழுத்தால் கையோடு வரும். அந்த இடம் வரை வெட்டி, புழுவை எடுத்து, இரண்டு நாள் காயவிட்டால் பல்ப் தப்பிக்கும்.

மேடவாக்கம்மாடி:

ரொம்ப நன்றி. நட்டுவிட்டேன், வலையும் கட்டியாயிற்று. ஆகஸ்ட் வாக்கில் முளை வந்த பிறகு காக்கா நுனியைக் கொத்திவிட்டால் மறுபடி தளிர்க்குமா?

கிழங்குப்பிரியன்:

பெரும்பாலும் அந்தத் தண்டு அந்த வருஷம் அத்தோடு சரி, பூ இல்லை. கிழங்கில் இரண்டாவது கை இருந்தால் அது தனியாக வரலாம். எப்படியிருந்தாலும் இலை மிச்சம் இருக்கும்வரை தண்டைப் பிடுங்காதீர்கள், கீழே கிழங்கு சேர்ந்துகொண்டிருக்கும். ஒரு சாண் வளரும்வரை பழைய கொசுவலைத் துண்டைக் கவிழ்த்து வையுங்கள், காக்காவுக்கு அது போதும்.